ஸ்பிட்ஃபயர் 664, கே-4 688: டாப் ஸ்பீடு டெஸ்ட்ல எங்க தப்பு பண்றேன்?

கொலுசுப்பட்டறை
சேலம், பள்ளப்பட்டி · ஞாயிறு இரவு 11.48

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா மண்டையைக் குடையுற விஷயம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாங்க ஆறு பேர் ஞாயித்துக்கிழமை ராத்திரி டிசிஎஸ்ங்கற கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல ரெண்டாம் உலகப்போர் விமானம் ஓட்டுறோம். ஒவ்வொரு வாரமும் ஆரம்பிக்கும் முன்னாடியே சண்டை வந்துடுது. எது வேகம்? பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரா, ஜெர்மன் மெசர்ஷ்மிட்டா? ஆளுக்கொரு எண் சொல்றாங்க, ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் ஒத்துக்கறதில்லை. சரி, நானே அளந்து தமிழ்ல ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்துடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல ஸ்பிட்ஃபயர் எல்எஃப் மார்க் 9, மெர்லின் 66 இன்ஜின். 21,000 அடியில புல் த்ராட்டில், பூஸ்ட் (இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற அழுத்தம்) +18, 3,000 ஆர்பிஎம். நாலு நிமிஷம் ஓட்டுனேன். டாக்வியூல (பறந்த பதிவை அலசுற மென்பொருள்) பதிவைப் போட்டுப் பார்த்தா உண்மை வேகம் அதிகபட்சம் 664 கிமீ. புத்தகங்கள்ல அந்த உயரத்துக்கு 404 மைல், அதாவது 650 கிமீன்னுதான் இருக்கு.

அடுத்து மெசர்ஷ்மிட் 109 கே-4. 7,500 மீட்டர்ல 710 கிமீ போகணும். எனக்கு 688தான் வந்துச்சு. ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு விட்டுட்டேன், அதுக்கு மேல முள் நகர்ற மாதிரி தெரியலை.

ஒண்ணு 14 அதிகம், ஒண்ணு 22 கம்மி. ரெண்டும் ஒரே பக்கம் தப்பா இருந்தா என் கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கலாம். இது எப்படி?

நான் வெள்ளிக் கொலுசு பட்டறைக்காரன். கிராமுக்குக் கீழ கணக்குப் பாக்குற தொழில். அளவு தப்பாப் போனா தூக்கம் வராது.

---

ஓமலூர்_கே4
திங்கள் காலை 7.10

இதைத்தான் நான் மூணு மாசமா கத்திக்கிட்டிருக்கேன். ஜெர்மன் விமானம்னா குறைச்சு வைப்பாங்க, பிரிட்டிஷ் விமானம்னா ஏத்தி வைப்பாங்க. சிமுலேட்டர் பண்றவங்களோட பாரபட்சம். 22 கிமீங்கறது சின்ன விஷயமா? பின்னாடி வர்றவன்கிட்ட இருந்து தப்பிக்கிறதும் தப்பிக்காததும் அந்த 22லதான் இருக்கு.

---

கன்னங்குறிச்சி_கயல்
திங்கள் மதியம் 1.25

பாரபட்சம்னு சொல்றதுக்கு முன்னாடி டாக்வியூ பைலை அனுப்புங்க அண்ணா. ரெண்டு ஓட்டமும் வேணும். காலேஜ் முடிஞ்சு வந்ததும் பார்க்கிறேன்.

அதுக்குள்ள நாலு கேள்வி. வெப்பநிலை எவ்வளவு வெச்சீங்க? காத்து இருந்துச்சா? எரிபொருள் எவ்வளவு? ஓட்டம் முழுக்க உயரம் மாறாம இருந்துச்சா, இல்லை வேகத்தை மட்டும்தான் பார்த்தீங்களா?

---

கொலுசுப்பட்டறை
திங்கள் மதியம் 2.40

பைல் அனுப்பிட்டேன்மா. மிஷன் எடிட்டர்ல வந்த 20 டிகிரியை மாத்தலை. காத்து இல்லை. எரிபொருள் புல். உயரம்... ஆரம்பத்துல 21,000 அடி. அப்புறம் வேகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

---

மாஸ்டர்_தாரமங்கலம்
திங்கள் மாலை 5.55

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்தத் தளத்தை வாசிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இந்தக் கேள்விக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் முள் காட்டும் வேகத்தையும் உண்மை வேகத்தையும் பிரித்துவிடுவோம். பட்டறை நண்பர் டாக்வியூவில் உண்மை வேகத்தைப் பார்த்தது சரியான வழி. ஆனால் இந்த இழையைப் படிக்கும் பலர் காக்பிட் முள்ளைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

பிட்டோ குழாய் வேகத்தை அளப்பதில்லை. முன்னால் மோதும் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் அதிகமாக மோதும், மெலிந்திருந்தால் குறைவாக மோதும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் காரில் போகும்போது, பின் சீட்டில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். அடிவாரத்தில் வாங்கும்போது தொளதொளவென்று இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் காற்று அதேதான். வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில்.

தரநிலை வளிமண்டலத்தை எடுத்துக்கொண்டால் (கடல் மட்டத்தில் 15 டிகிரி, ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும்), முள் 500 கிமீ காட்டும்போது சேலம் உயரத்தில் உண்மை வேகம் சுமார் 507. ஏற்காடு உயரத்தில் அதே 500 என்றால் உண்மையில் சுமார் 538. 21,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அங்கே ஸ்பிட்ஃபயர் 404 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது காக்பிட் முள் 300ஐக்கூடத் தொடாது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் விமானம் மந்தம் என்று எழுதுகிறார்கள்.

உயரத்தைப் பற்றிக் கயல் கேட்டது மிக முக்கியமான கேள்வி. பைலைப் பார்த்துவிட்டு அவர் சொல்லட்டும், பிறகு நான் கணக்குப் போடுகிறேன்.

---

கன்னங்குறிச்சி_கயல்
திங்கள் இரவு 9.30

பார்த்துட்டேன்.

ஸ்பிட்ஃபயர்: முதல் ரெண்டு நிமிஷம் உயரம் சரியா நிக்குது. அதுக்கப்புறம் மெல்ல மெல்ல இறங்குறீங்க அண்ணா. கடைசி ரெண்டு நிமிஷத்துல 240 மீட்டர் இறக்கம். நொடிக்கு 2 மீட்டர். திரையில மூக்கு கீழ போனது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு லேசு. 664 வந்தது கடைசி பத்து நொடியில.

கே-4: உயரம் அருமையா நிக்குது, பத்து மீட்டருக்குள்ள. ஆனா ரெண்டு நிமிஷத்துல நிறுத்தும்போது வேகம் இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. கோடு படுக்கையா ஆகவே இல்லை. இன்னொண்ணு, விமானம் கொஞ்சம் பக்கவாட்டுல சறுக்கிக்கிட்டே போகுது. உங்ககிட்ட பெடல் இருக்கா, இல்லை ஸ்டிக்கைத் திருகுறதுதானா?

---

கொலுசுப்பட்டறை
திங்கள் இரவு 9.52

பெடல் இல்லைம்மா. திருகுற ஸ்டிக்தான். ஸ்பிட்ஃபயர்ல ரட்டர் ட்ரிம் (வால் சுக்கானைச் சரிக்கட்டுற) சக்கரத்தைச் சுத்தி, சறுக்கலைக் காட்டுற பந்தை நடுவுல நிறுத்திட்டேன். 109ல அந்தச் சக்கரமே காணோம்.

---

நாகலூர்_ஃபிட்டர்
ஏற்காடு · செவ்வாய் அதிகாலை 5.20

தம்பி, 109ல விமானி பறந்துகொண்டே திருப்பக்கூடிய ரட்டர் ட்ரிம் கிடையாது. ரட்டரில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைத் தரையில் மெக்கானிக் வளைத்து வைப்பார். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் அது சரியாக இருக்கும். அதைத் தாண்டினால் விமானி காலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். அப்படி அழுத்தாவிட்டால் உடம்பைச் சாய்த்துக்கொண்டு காற்றில் போவது போல. பந்து நடுவில் இல்லாமல் எடுத்த வேகம் எதையும் எழுதி வைக்காதே.

நான் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவன். மிக்-21 இன்ஜின்களோடு பல வருஷம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு மலையில் கொஞ்சம் காபி, மிளகு. பேரன் கம்ப்யூட்டரில் இந்த சிமுலேட்டரைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து உங்கள் தளத்தைப் படிக்கிறேன்.

ஓமலூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. பாரபட்சம் என்பது பெரிய குற்றச்சாட்டு. அளவு எடுத்தவன் கை சுத்தமாக இருந்த பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் பிரிட்டனின் பாஸ்கோம்ப் டவுனிலும் ஜெர்மனியின் ரெஹ்லினிலும் சோதனை விமானிகள் இதற்காகவே இருந்தார்கள். எடுத்த எண்ணை அப்படியே வெளியிட மாட்டார்கள். அன்றைய வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, தரநிலை வளிமண்டலத்துக்குத் திருத்தி, பிட்டோ குழாய் பொருத்தப்பட்ட இடத்தால் வரும் பிழையையும் கழித்து, அதற்குப் பிறகுதான் எழுதுவார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு விமானங்கள் ஒரே வேகத்தில் போகாது. பெயின்ட், தகடு சேரும் இடத்தில் உள்ள இடுக்கு, ஆணித்தலை எல்லாம் வேகத்தைத் தின்னும்.

ஆணித்தலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஸ்பிட்ஃபயர் உருவான காலத்தில், தகட்டோடு சமமாக இருக்கும் ஆணி எங்கெங்கே அவசியம், சாதாரண உருண்டைத் தலை ஆணி எங்கே போதும் என்று பார்க்க, ஆணித்தலைகள் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பைப் பசை போட்டு ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒட்டியபோது மணிக்கு 22 மைல் வரை வேகம் குறைந்தது. பிறகு இடம் இடமாகப் பருப்பைச் சுரண்டிக்கொண்டே வந்து, எது முக்கியம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு பருப்பின் உயரம் எவ்வளவு இருக்கும்?

---

மாஸ்டர்_தாரமங்கலம்
செவ்வாய் மாலை 6.30

இப்போது கணக்கு.

ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 3,350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1 மீட்டர் இறங்கினால் புவியீர்ப்பு கொடுக்கும் திறன் 3,350 × 9.8 × 1, அதாவது சுமார் 33,000 வாட். குதிரைத்திறனில் 44. கயல் சொன்னபடி நொடிக்கு 2 மீட்டர் என்றால் 88 குதிரைத்திறன். அந்த உயரத்தில் ப்ரொபெல்லர் வழியாக உண்மையில் இழுப்பாக மாறும் திறன் ஏறத்தாழ 1,100 குதிரைத்திறன்தான் இருக்கும். அதோடு 88 சேர்ந்தால் 8 சதவீதம் கூடுதல்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் ஏறும். ஆகவே 8 சதவீதத் திறன், வேகத்தில் சுமார் இரண்டரை சதவீதத்தைத்தான் கூட்டும். 650இல் இரண்டரை சதவீதம் 16 கிமீ. உங்களுக்கு 14 கூடுதலாக வந்திருக்கிறது. விமானம் முழுமையாக நிலைப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது, அதனால் இரண்டு கிமீ குறைவு. சிமுலேட்டர் தவறு செய்யவில்லை. நீங்கள் 88 குதிரைகளைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

கே-4இல் நடந்தது வேறு. உச்ச வேகத்தை நெருங்க நெருங்க, மிச்சமிருக்கும் இழுப்பு குறைந்துகொண்டே வரும். இந்த எடை, இந்த வேகத்துக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சத்துக்கும் இப்போதைய வேகத்துக்கும் உள்ள இடைவெளி, ஏறக்குறைய ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் பாதியாகிறது. 260 கிமீ குறைவாக இருக்கும்போது ஓட்டத்தைத் தொடங்கினால் அரை நிமிடத்தில் 130, ஒரு நிமிடத்தில் 65, பிறகு 32, இரண்டாவது நிமிடத்தில் 16. இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்தால் 1 கிமீ. நீங்கள் 16இல் நிறுத்திவிட்டீர்கள். மீதி 6 பக்கச் சறுக்கல் தின்றது.

முள் நின்றுவிட்டது போலத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். கடைசி நிமிடங்களில் நொடிக்கு ஒரு கிமீ கூட ஏறாது. கண் ஏமாந்துவிடும்.

---

கொலுசுப்பட்டறை
செவ்வாய் இரவு 10.15

மாஸ்டர், படிச்சதும் பட்டறைத் தராசுதான் ஞாபகம் வந்துச்சு.

எங்க தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும். கொலுசை வெச்சதும் எண் ஓடும். கடைசி இலக்கம் மட்டும் மூணு, நாலு, மூணு, நாலுன்னு ஆடிக்கிட்டே இருக்கும். அப்ப பெட்டிக் கதவைச் சாத்தணும், மேல ஓடுற ஃபேனை நிறுத்தணும், கையை மேஜையில இருந்து எடுக்கணும். அதுக்கப்புறம்தான் எண் நிக்கும். புதுசா வேலைக்கு வர்ற பையன் எண் ஆடும்போதே சீட்டுல எழுதிடுவான். அப்பா அவன் கையைப் பிடிச்சு நிறுத்தி "நிக்கட்டும்டா"ம்பாரு. பதினேழு வயசுல என் கையையும் பிடிச்சிருக்காரு. அதே தப்பை 7,500 மீட்டர்ல பண்ணிட்டேன்.

எல்லாத்தையும் புதுசா எடுக்கிறேன். எப்படி எடுக்கணும்னு வரிசையா யாராவது சொல்லுங்க.

---

கன்னங்குறிச்சி_கயல்
செவ்வாய் இரவு 11.05

நான் பண்ற முறையைச் சொல்றேன்.

காகசஸ் வரைபடத்துல கருங்கடலுக்கு மேல போங்க. கீழ கடல் இருந்தா மலை, பள்ளம்னு கண்ணை ஏமாத்தாது. வெப்பம் 15 டிகிரி, காத்தழுத்தம் 760 மிமீ பாதரசம், காத்து பூஜ்யம், மேகம் வேணாம். எரிபொருள் பாதி வெச்சு, தீராத எரிபொருள் ஆப்ஷனைப் போட்டுடுங்க, ஓட்டம் முழுக்க எடை மாறாது. கே-4க்கு மிஷன் எடிட்டர்லயே எம்டபிள்யூ-50 (இன்ஜினுக்குள்ள பீச்சுற தண்ணி-மெத்தனால் கலவை) டேங்க்ல என்ன ஊத்தியிருக்குன்னு பாருங்க, வெத்து டேங்கோட ஓட்டிட்டு நிறைய பேர் புலம்புறாங்க.

அப்புறம் முக்கியமானது, ரெண்டு பக்கத்துல இருந்தும் வாங்க. ஒரு ஓட்டம் கீழ் வேகத்துல இருந்து ஏத்திக்கிட்டு வாங்க. அடுத்த ஓட்டம் முன்னூறு மீட்டர் மேல இருந்து லேசா டைவ் அடிச்சு, உச்ச வேகத்தைத் தாண்டி வந்து, சரியான உயரத்துல நேராக்கி, வேகம் குறைஞ்சு நிக்கிற வரைக்கும் விடுங்க. உண்மையான எண் ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். மேல இருந்து வர்றதுல இன்னொரு லாபம், இன்ஜின் நேரம் மிச்சம். மெர்லினுக்கு +18 பூஸ்ட் 5 நிமிஷம்தான் அனுமதி.

உயரம் 10 மீட்டருக்கு மேல மாறினா அந்த ஓட்டத்தைக் குப்பையில போடுங்க.

---

மாஸ்டர்_தாரமங்கலம்
செவ்வாய் இரவு 11.20

10 மீட்டர் என்று கயல் சொன்னது பொருத்தமான எல்லை. இந்த வேகத்தில் சட்டென 10 மீட்டர் இறங்கினால் 2 கிமீ கூடும், ஏறினால் 2 கிமீ குறையும். அதற்கு மேல் துல்லியம் தேவைப்படாது.

---

ஓமலூர்_கே4
புதன் காலை 6.50

கணக்கெல்லாம் சரி. நான் கேக்குறது ஒண்ணுதான். இவ்வளவு சுத்தமா எடுத்தும் கே-4 700க்குக் கீழ வந்தா என்ன சொல்வீங்க?

---

நாகலூர்_ஃபிட்டர்
புதன் காலை 8.15

அப்படி வந்தால் நானே உன்னோடு சேர்ந்து அந்த சிமுலேட்டர் கம்பெனிக்கு எழுதுவேன் தம்பி. ஓட்டப் பதிவையும் சேர்த்து அனுப்புவோம். முதலில் எண் வரட்டும்.

---

கொலுசுப்பட்டறை
வியாழன் இரவு 11.40

நேத்து ராத்திரி மலைப்பக்கம் இடி மின்னல், ஆறாவது நிமிஷத்துல கரன்ட் போச்சு. ஒரு கடையில போன மாசம் வாங்கின யுபிஎஸ் பத்து நொடி கூடத் தாங்கலை, ஓட்டம் பூரா வீணாப் போச்சு. வாரண்டி பத்திப் பேசினா அந்தக் கடைக்காரர் போனையே எடுக்கறதில்லை. அது தனிக் கதை. இன்னைக்கு முழுசா உக்காந்து எடுத்துட்டேன்.

ஸ்பிட்ஃபயர், 21,000 அடி. கீழ இருந்து வந்தப்ப 647ல நின்னுச்சு. மேல இருந்து வந்தப்ப 651. உயரம் 8 மீட்டருக்குள்ள. 649னு எழுதிக்கிட்டேன்.

கே-4, 7,500 மீட்டர். எம்டபிள்யூ-50 நிரப்பி, ஸ்டிக்கைத் திருகிப் பிடிச்சு பந்தை நடுவுல வெச்சேன். மணிக்கட்டு வலி இன்னும் போகலை. கீழ இருந்து 704, மேல இருந்து 709. நடுவுல 706, 707.

ஓமலூர் தம்பி, 710க்கு மூணோ நாலோ குறையுது. என் கை நடுக்கமே அவ்வளவு இருக்கும்.

---

ஓமலூர்_கே4
வெள்ளி காலை 6.30

பைலைப் பார்த்தேன். பந்து நடுவுலதான் இருக்கு, உயரமும் மாறலை. 707ஐ ஒத்துக்கறேன். பாரபட்சம்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். இவ்வளவு நாளா நான் சறுக்கிக்கிட்டே ஓட்டியிருக்கேன்னு இப்பத்தான் புரியுது. பெடல் வாங்கப் போறேன்.

---

கொலுசுப்பட்டறை
வெள்ளி இரவு 10.50

இன்னொரு சந்தேகம். ஆசைக்கு நம்ம ஊர் வெயிலை வெச்சுப் பார்க்கலாம்னு வெப்பத்தை 38ஆ மாத்தி, ஸ்பிட்ஃபயரைக் கடல் மட்டத்துக்குப் பக்கத்துல ஓட்டுனேன். வேகம் ஒழுங்கா ஏறிக்கிட்டே வந்துச்சு. மூணாவது நிமிஷம் முடியறப்ப, நான் எதையும் தொடலை, திடீர்னு பத்து கிமீக்கு மேல இறங்கிடுச்சு. உயரம் சரி, பந்து சரி, பூஸ்ட் சரி. மூணு தடவை எடுத்தேன், மூணு தடவையும் அதே. 15 டிகிரியில எடுத்தா இப்படி ஆகறதில்லை.

---

நாகலூர்_ஃபிட்டர்
சனி அதிகாலை 5.05

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முள்ளைப் பார்த்தாயா? வேகம் விழுந்த நேரத்தில் 115 டிகிரியைத் தொட்டிருக்கும்.

மார்க் 9இல் இறக்கைக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டர் மூடியை விமானி நகர்த்துவதில்லை. தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். கூலன்ட் 115க்குப் போனதும் மூடி தானாகத் திறந்துகொள்ளும். திறந்த மூடி காற்றில் பலகையைப் பிடித்தது மாதிரி. எதிர்ப்பு ஏறும், வேகம் இறங்கும். 15 டிகிரிக் காற்றில் ரேடியேட்டர் சமாளித்துவிடுகிறது. 38 டிகிரிக் காற்றில் சமாளிக்க முடியவில்லை. உன் ஓட்டத்தில் தப்பு எதுவும் இல்லை தம்பி. அந்த வெயிலில் அந்த விமானத்தால் தொடர்ந்து போகக்கூடிய வேகம் அதுதான். இரண்டு எண்ணையும் எழுது: மூடி மூடியிருந்தபோது எவ்வளவு, திறந்த பிறகு எவ்வளவு.

வெயிலில் காற்றே மெலிந்துவிடும் என்பதும் உண்டு. இன்ஜினுக்குள் போகும் காற்று சூடானால் திறனும் குறையும். ஏப்ரல் மாதத்து மதியத்தில் இன்ஜின் ரன் எடுத்தவர்களுக்கு அது உடம்பிலேயே தெரியும்.

---

கன்னங்குறிச்சி_கயல்
சனி காலை 9.40

ஐயா சொன்னதும் ஓடிப்போய் பைலைப் பார்த்தேன். வெளிக் காட்சியில வேகம் விழுற அதே நொடியில ரெண்டு மூடியும் கீழ இறங்குது. மூணு ஓட்டத்துலயும்!

இதோட சேர்த்துச் சொல்லணும்னா முஸ்டாங். பி-51டி 25,000 அடியில 437 மைல், 703 கிமீ. அதோட ரேடியேட்டர் வயித்துக்குக் கீழ ஒரு குழாய்க்குள்ள இருக்கு. உள்ள வர்ற காத்து சூடாகி விரிஞ்சு, பின்னால வேகமா வெளியேறி, ரேடியேட்டரால வர்ற எதிர்ப்புல ஒரு பெரிய பங்கைத் திருப்பிக் கொடுத்துடுது. மெரிடித் விளைவுன்னு பேர். அதே மெர்லின் குடும்ப இன்ஜின், ஆனா ஸ்பிட்ஃபயர் 9ஐ விட ஐம்பது கிமீ அதிகம். அது முழுக்க இதனால மட்டும் இல்லை, இறக்கை வடிவமும் காரணம். அட்டவணையில அடுத்தது முஸ்டாங்கா இருக்கட்டும் அண்ணா.

அப்புறம் ஸ்பிட்ஃபயருக்கு ஒரே உயரத்துல எடுத்தா பத்தாது. மெர்லின் சூப்பர்சார்ஜருக்கு (இன்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தர்ற விசிறி) ரெண்டு கியர். முதல் கியர்ல ஒரு உயரத்துல உச்சம் வரும், அதுக்கு மேல போகப் போக வேகம் கொஞ்சம் தொங்கும், ரெண்டாவது கியர் விழுந்ததும் மறுபடி ஏறும். ஒட்டகத் திமில் மாதிரி ரெண்டு மேடு. 109ல திரவ இணைப்பு மூலமா சூப்பர்சார்ஜர் வேகம் உயரத்துக்குத் தக்கபடி மெல்ல மாறும், அதனால கோடு வழவழன்னு போகும். ஸ்பிட்ஃபயர் தொங்குற உயரத்துல 109காரன் சண்டைக்குக் கூப்பிட்டா போகாதீங்க.

---

மாஸ்டர்_தாரமங்கலம்
சனி மதியம் 12.10

எல்லோரும் உயரத்தில் அளப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் காலத்து உலக வேக சாதனைகள் தாழ்வாக, 3 கிமீ நேர்கோட்டில், இரு திசையிலும் பறந்து சராசரி எடுக்கப்பட்டவை. காற்று ஒரு திசையில் தள்ளினால் மறு திசையில் தடுக்கும். 1939 ஏப்ரல் 26 அன்று ஃப்ரிட்ஸ் வெண்டல் மெசர்ஷ்மிட் 209இல் மணிக்கு 755.138 கிமீ என்று பதிவு செய்தது அப்படித்தான். அது சண்டை விமானம் அல்ல, சாதனைக்காகவே கட்டியது. 755ஐக் கொண்டுவந்து 109இன் வேகம் என்று யாராவது இங்கே வாதாடுவதற்கு முன் சொல்லி வைக்கிறேன்.

---

ஓமலூர்_கே4
சனி மதியம் 12.45

ஜெட்டுக்கும் இதே முறைதானா? மிக்-21 பிஸ் எடுக்கணும்னு ஆசை. மாக் 2.05னு, அதாவது ஒலி வேகத்தைப் போல 2.05 மடங்குன்னு, போட்டிருக்கு. நான் எவ்வளவு ஓட்டியும் 1.8க்கு மேல போகலை, எரிபொருள் தீர்ந்துடுது.

---

நாகலூர்_ஃபிட்டர்
சனி மாலை 4.30

மிக்-21 என்றால் நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

மாக் 2.05 என்பதை மாஸ்டரின் வழியில் பார். ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் மணிக்கு 1,225 கிமீ. 11 கிமீ உயரத்துக்கு மேல், மைனஸ் 56.5 டிகிரியில், 1,062தான். 2.05ஆல் பெருக்கு, 2,177 வரும். புத்தகத்தில் 2,175 என்று போட்டிருப்பது இதைத்தான். அதே விமானத்துக்குத் தாழப் பறக்கும்போது எல்லை 1,300 கிமீ. அடர்ந்த காற்றின் அழுத்தத்தை உடம்பு தாங்க வேண்டும். ஆகவே ஜெட்டுக்கு டாப் ஸ்பீடு என்பது பெரும்பாலும் "இதற்கு மேல் போகாதே" என்று எழுதி வைத்த கோடு. ப்ரொபெல்லர் விமானத்தில் அது திறனும் எதிர்ப்பும் சமமாகும் இடம். இரண்டையும் ஒரே பத்தியில் போடாதே.

நீ 1.8இல் நிற்பதற்குக் காரணம், தரையிலிருந்தே ரீஹீட் (இன்ஜின் புகைவாயில் மறுபடி எரிபொருள் ஊற்றி எரிப்பது) போட்டு ஏறுகிறாய் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பது மூவாயிரம் லிட்டருக்கும் குறைவு. ரீஹீட்டில் அது நிமிஷக் கணக்கில் தீரும். வெளி டேங்க், ஏவுகணை எதுவும் இல்லாமல், மிஷன் எடிட்டரில் நேராக 12, 13 கிமீ உயரத்திலேயே விமானத்தைத் தொடங்கு. மூக்குக் கூம்பு தானியங்கியில் இருக்கட்டும். வேகம் ஏற ஏற அது முன்னால் நகர்ந்து அதிர்ச்சி அலையைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும். கூம்பு நகராவிட்டால் இன்ஜின் மூச்சு முட்டும்.

இன்னொன்று. ஆர்-25 இன்ஜினில் அவசர ரீஹீட் ஒன்று உண்டு. சாதாரண ரீஹீட்டில் 7,100 கிலோ இழுப்பு. அவசரத்தில் 9,900 வரை போகும். 4,000 மீட்டருக்குக் கீழே, மூன்று நிமிஷம் மட்டும். டாப் ஸ்பீடுக்கு அது உதவாது, தாழ்வில் எகிறி ஏறுவதற்கு. அது எரியும்போது தரையில் நின்றால் சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் இடிக்கும். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21களுக்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்தேன். 1963இல் படைக்கு வந்த விமானம். அன்றைக்குத் தோட்ட வேலைக்குப் போகவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

---

ஓமலூர்_கே4
சனி மாலை 5.10

ஐயா, நாளைக்கு நீங்க சேலம் வர முடியுமா? பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தீங்கன்னா மிக்-21 ஓட்டத்தை ஒழுங்கா எடுத்துடலாம். கூம்பு, ரீஹீட் எதுவும் எனக்குச் சரியாப் புரியலை.

---

கொலுசுப்பட்டறை
சனி மாலை 5.40

என் பட்டறை மாடியில வெச்சுக்கலாம் ஐயா. ஞாயித்துக்கிழமை வேலை இல்லை, சத்தம் இருக்காது. கயல், நீயும் வாம்மா, வீட்டுல அம்மாவும் தங்கச்சியும் இருப்பாங்க. மாஸ்டர், உங்களுக்கும் சேர்த்துத்தான். தட்டுவடை செட்டுக்குச் சொல்லிடறேன்.

இதுவரைக்கும் சரிபார்த்த எண்கள்: ஸ்பிட்ஃபயர் 21,000 அடியில 649. கே-4 7,500 மீட்டர்ல 707. 38 டிகிரி ஓட்டத்தை ஐயா சொன்னபடி ரெண்டு எண்ணா பிரிச்சு, இன்னும் ரெண்டு தடவை எடுத்துட்டுப் போடுறேன்.

---

நாகலூர்_ஃபிட்டர்
சனி இரவு 7.25

காலை பஸ்ஸில் இறங்குகிறேன். பத்து மணிக்குள் ஐந்து ரோட்டில் இருப்பேன். புதிதாக அரைத்த காபித்தூள் கொண்டு வருகிறேன். யாராவது வந்து கூட்டிப் போங்கள், பள்ளப்பட்டி சந்துகள் எனக்குப் பழக்கமில்லை.

---

ஓமலூர்_கே4
சனி இரவு 7.31

நான் பைக்ல வந்துடறேன் ஐயா. பத்துக்கு முன்னாடியே நிப்பேன்.